முதுகுக் காற்று

"ஒரு குண்டுகூட இன்னும் சுடலையே, அதுக்குள்ள எப்படிப் புகை காட்டுது?" என்று காற்றைச் சோதிக்க வந்த அதிகாரி அம்மாள் மீட்டரைத் திருப்பிக் காட்டினார்.

முகமூடிக்கு மேலே தெரிந்த அவருடைய கண்கள் மெக்கானிக்கைப் பார்த்தன. மெக்கானிக் மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தத் துப்பாக்கி சுடும் கூடம் மச்சானுடையது. மச்சான் என்றால் மெக்கானிக்கின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கூடத்துக்குக் காற்று வசதி செய்து கொடுத்தவர் மெக்கானிக். சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சல்லடைத் துளைகள். வெளியிலிருந்து இழுக்கிற நல்ல காற்று அவற்றின் வழியே வந்து, துப்பாக்கிப் புகையையும் ஈயத் தூளையும் எதிர்ச்சுவருக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்று முதுகில் படலாம், புகை மூக்கில் படக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

"எங்க வீட்டுக்காரரை விட்டா இந்த வேலைக்கு ஆளே கிடையாது" என்று மனைவி அண்ணனிடம் மல்லுக்கட்டி வாங்கிக்கொடுத்த வேலை அது. இன்றைக்குச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. மச்சான் அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். மனைவி ஒன்றுமே சொல்லமாட்டாள். மெக்கானிக்குக் கதிகலங்கியது இரண்டாவதை நினைத்துத்தான்.

"ப்ளோயர் வேகம் பத்தல மேடம். கொஞ்சம் கூட்டிடுறேன்" என்றார்.

கூட்டினார். மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது.

"நல்லது. கொஞ்ச நேரம் ஓடட்டும், பாப்போம்" என்றார் அதிகாரி.

தன் வேலையை ஒருவர் பக்கத்தில் நின்று அளப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தைரியம் மெக்கானிக்குக் கிடையாது. மெல்ல நழுவிக் கொல்லைப்புறம் போனார். பின்சுவரோரம் அவருக்கென்று ஒரு மூலை உண்டு. சிகரெட்டை விட்டாயிற்று என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்ததால், இப்படியொரு மூலை தேவைப்பட்டது. அவளோ முன்புற வரவேற்பு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "இன்னொரு தடவை அந்த வாடை வந்துச்சு, எங்கண்ணன் வீட்டுல போய் உக்காந்துடுவேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டு, மெக்கானிக்கைவிட அண்ணன்தான் அதிகம் அரண்டுபோயிருந்தார்.

அது அருமையான மூலை. தலைக்கு மேலே யாரோ ஒரு தகர மறைப்பு வேறு பொருத்தியிருந்தார்கள், தூறல் விழுந்தாலும் நனையாது. எல்லாவற்றையும்விட, அங்கே ஊதுகிற புகை நிற்பதே இல்லை. இந்தா என்பதற்குள் மாயமாகிவிடும், சட்டையிலும் ஒட்டாது. காற்றின் போக்குத் தெரிந்தவன் தேர்ந்தெடுக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குள்ளே கொஞ்சம் கர்வம்.

பின் கேட்டில் நாற்காலி போட்டிருந்த வாட்ச்மேன் சிரித்தார். "இன்னிக்கு ரொம்ப டென்ஷனா சார்?"

"உயிர் போகுதுண்ணே."

ஒரு சிகரெட்டை முடித்து, ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, முகமூடியை மாட்டி உள்ளே போனார். மீட்டரில் எண் முன்பைவிட மேலே நின்றது.

"மாப்ள, கூட்டுனது வேகத்தையா, புகையையா?" என்றார் மச்சான்.

"மேல மாடியில காத்து இழுக்கிற வாயைப் பாத்துட்டு வந்துடுறேன் மச்சான்."

"மாடியா? அதெல்லாம் வேணாம். மேல எல்லாம் பக்காவா இருக்கு, நானே பாத்தேன். நீங்க இங்க உள்ளதைப் பாருங்க."

மெக்கானிக் வெளிக்காற்று வருகிற ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டார். எண் மறுபடி இறங்கி, தரையைத் தொடாத குறையாக நின்றது. அதிகாரி தலையாட்டினார். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த முறை கொல்லைப்புறம் போனது சந்தோஷத்தில். சந்தோஷத்துக்கு ஒன்று, அது நிலைக்க வேண்டுமே என்ற பயத்துக்கு ஒன்று என இரண்டு பிடித்தார்.

திரும்பி வந்தபோது மீட்டர் 'கீச் கீச்' என்று கத்த ஆரம்பித்திருந்தது. அவர் பக்கத்தில் போய்ப் பரிதாபமாக நின்றார். சற்று நேரத்தில் கத்தல் அடங்கியது. எண்ணும் இறங்கியது.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க உள்ள இருந்தா இறங்குது. வெளிய போனா ஏறுது. கவனிச்சீங்களா?"

"மிஷினுக்கு மாப்பிள்ளைகிட்ட பயம் மேடம்" என்று மச்சான் முந்திக்கொண்டார். "வாத்தியார் இருந்தா பசங்க அடங்கி உக்காருவாங்கல்ல, அது மாதிரி."

"அப்போ நான் தினமும் வந்து இங்கயே நின்னுடுறேன் மேடம்" என்றார் மெக்கானிக். மனதாரத்தான் சொன்னார்.

"ஃபேன், ஃபில்டர், கூடவே ஒரு ஆளுன்னு சர்டிபிகேட்ல எழுத முடியாதுங்க" என்றார் அதிகாரி. "கடைசியா ஒரு தடவை பாக்குறேன். எல்லாத்தையும் முழு வேகத்துல வைங்க. வச்சிட்டு வெளிய போயிடுங்க. நீங்க இல்லாமலும் எண் கீழ நின்னா கையெழுத்து. இல்லன்னா பூட்டு."

மெக்கானிக் எல்லாவற்றையும் முழு வேகத்தில் வைத்தார். ப்ளோயர் உறுமியது. முதுகுக் காற்றில் மச்சானின் சட்டை உப்பியது.

வெளியே வந்த மெக்கானிக் நேரே தன் மூலைக்குப் போனார். வரவேற்பைத் தாண்டும்போது மனைவி ஆவலோடு, "முடிஞ்சுதாங்க?" என்று கேட்டிருந்தாள். அந்த முகத்தை நினைத்தபோது அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஒன்றைப் பற்றவைத்தார். அது முடிவதற்குள் அதிலேயே அடுத்ததைப் பற்றவைத்தார். எத்தனை ஊதினாலும் அந்த நல்ல மூலை அத்தனையையும் கண்முன்னாலேயே வாங்கிக்கொண்டது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"போதும் சார், உடம்பு என்னத்துக்கு ஆவுறது?" என்றார் வாட்ச்மேன்.

"கூடத்தையே மூடப்போறாங்கண்ணே" என்று சொல்லும்போதே உள்ளேயிருந்து மீட்டர் அலறுவது கேட்டது. மெக்கானிக் மிட்டாயைக்கூட மறந்து உள்ளே ஓடினார். பின்னாலேயே வாட்ச்மேனும் ஓடிவந்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். மச்சான் இடிந்துபோய் நின்றார். சத்தம் கேட்டு வந்த மனைவி, கணவனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க. இவ்வளவு பார்த்தும் புகை எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியலை" என்றார் அதிகாரி.

வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், பாவம், மூடிடாதீங்க. மாடியில புறா கூடு கட்டிடுச்சுன்னு முதலாளி போன மாசமே காத்து இழுக்கிற வாயைக் கொல்லைப்பக்கச் சுவருக்கு மாத்தி தகரம் அடிச்சிட்டாரு, சார் அதுக்கு முன்னாடி நின்னு சிகரெட் பிடிக்கிறதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, போதும்!"