சவுண்டு அண்ணே உட்கார்ந்திருந்த பெட்டி

வாழ்நாளில் ஒருமுறைகூடச் சத்தத்தைக் குறைக்காத மனிதர் மதுரையில் ஒருவர்தான். விளாங்குடியில் மைக் செட் வாடகைக்கு விடும் சவுண்டு அண்ணே. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

கல்லூரி நாட்களில் நாங்கள் நான்கு பேர் ஹார்டு ராக் பேண்டு வைத்திருந்தோம். அன்று கிட்டார் வாசித்தவன் இன்று சினிமா இசையமைப்பாளர். பாடியவன் டிவி போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து கண்கலங்குகிறான். டிரம்ஸ்காரன் பாதி நாள் விமானத்தில் இருக்கிறான். பேஸ் கிட்டார் வாசித்தவன் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அப்போது எங்களை மேடையேற்ற ஆளில்லை. கிட்டார்காரனின் அப்பாவோ, அந்த மாதத்துக்குள் ஒரு கச்சேரியாவது நடக்காவிட்டால் ஜவுளிக்கடைக்கு வந்து உட்கார் என்று சொல்லிவிட்டார். அவன் போனால் பேண்டு அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் கேட்கப் போன இடத்தில் அண்ணே எங்களை வாசிக்கச் சொன்னார். எங்களைக் கடைசிவரை கேட்ட முதல் மனிதர் அவர். கேட்டு முடித்துவிட்டு, வில்லாபுரத்தில் ஒரு காதணி விழா இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றார். நாங்கள் திருதிருவென்று விழித்தோம்.

“காது குத்தையில பிள்ளை வீறிடும்ல மாப்ள. அது கேக்கக் கூடாதுன்னுதேன் மேளம் அடிக்கிறாய்ங்க. உங்ககிட்ட அதவிடக் கூடச் சத்தம் இருக்கு.”

விழா வீட்டில் பாட்டுக் கச்சேரி என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர்கள் பக்திப் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுத்ததும், ஒரு பெரிய மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அண்ணே கை காட்டினார். நாங்கள் ஆரம்பித்தோம். பந்தியில் பாதிப்பேர் கை கழுவாமலே எழுந்து ஓடினார்கள். தாய்மாமன் எங்களை அடிக்கத் துடித்தார்; மடியில் பிள்ளை இருந்ததால் எழ முடியவில்லை. பிள்ளையோ அழ மறந்து, வாயைப் பிளந்தபடி பாடகனையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் குத்தி முடித்தாயிற்று, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

குழந்தையின் அம்மா மேடையை நோக்கி வேகமாக வந்தார். டிரம்ஸ்காரன் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அடுத்த மாதம் அக்கா மகளுக்கும் காதுகுத்து, நீங்களே வந்துவிடுங்கள் என்றார் அவர்.

அதன்பின் திருநகர்வரை எந்தக் குழந்தையும் எங்களிடமிருந்து தப்பவில்லை. ஜவுளிக்கடையிலிருந்து கிட்டார்காரன் தப்பினான். எனக்கு மட்டும் ஒரு குறை. பந்தலில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் பேஸ் கிட்டாரின் அடித்தொனி கேட்கவே கேட்காது. அத்தனை விழாவிலும் என் வாசிப்பை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் மூன்று பிரபலங்களும் மதுரையில் கச்சேரி செய்தார்கள். முதல் வரிசையில் அண்ணே, பக்கத்தில் நான். மைதானமே அதிர்ந்தது. சத்தம் பத்தவில்லை என்றார் அண்ணே. பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“உன் வாசிப்பு இல்லாம நல்லாவே இல்ல மாப்ள.”

என் வாசிப்பு உங்களுக்கு எப்போது கேட்டது அண்ணே என்றேன்.

“எனக்குக் கேக்கும்ல. நான் உக்காந்திருந்த பொட்டி என்னான்னு நெனச்ச? அது பேஸ் ஸ்பீக்கருடா, மேல உக்காந்தா அதிரும். உன் ஒருத்தனுக்குன்னு வச்சது.”

இத்தனை காலமும் அதை நான் வெறும் பெட்டி என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பின் மேடையில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.