கழுவிய இலை

மாசி பிறந்தும் ராசம்மாளின் ஒரு ஏக்கர் உளுந்து சாண் உயரத்தைத் தாண்டவில்லை. வைத்த பூவெல்லாம் உதிர்ந்தது. மேற்கே இருந்த ஆலையின் தூசி, இலைமேல் விரலால் பேர் எழுதலாம் போலப் படிந்திருந்தது. காய் பிடிப்பதற்குள் அதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று ஒரு பை இலையைப் பறித்துக்கொண்டு, புவனகிரியில் பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் இலைநல அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி மணவாளன் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இலையெல்லாம் ஒரே அழுக்கா இருக்கு?"

"அதக் காட்டத்தான் சார் வந்தேன்."

"சோதனைக்கு வர்ற சாம்பிள் சுத்தமா இருக்கணும், அதான் விதி. அதோ குழாய், கழுவிக்கிட்டு வாங்க."

கழுவிக் கொடுத்தாள். இருபது நாளில் அறிக்கை வந்தது: 'மேற்படி இலைகளில் தூசி ஏதும் காணப்படவில்லை.' அதை எடுத்துக்கொண்டு மறுபடி மணவாளனிடம் போனாள்.

"கழுவச் சொன்னதே நீங்கதான சார்?"

"கழுவுனா போயிடுச்சில்ல? அப்ப குத்தம் தூசி மேல இல்லம்மா, கழுவாதவங்க மேல."

இருந்தாலும் அலுவலகம் கருணையுடன் 'பசுமை நீராட்டு இயக்கம்' தொடங்கியது. தூசி விழும் நிலத்துக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு பிரஷ், ஒரு பச்சைத் தொப்பி. சிதம்பரத்திலிருந்து வேனில் வந்த இயக்கத் தொண்டர்கள் மூன்று இலையைத் தேய்த்து, முப்பது போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ராசம்மாள் காலையிலிருந்து உச்சிவரை ஒரு வரிசையைத் தேய்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தாள். முதல் செடி மறுபடி சாம்பலாக நின்றது.

அடுத்த குறைகேட்புக் கூட்டத்துக்கு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பிரஷையும் எடுத்துப் போனாள். அவள் வாய் திறக்குமுன், தூசி எட்டாத கிழக்கூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் சபாபதி எழுந்துவிட்டார்.

"எங்க ஊரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சி? அவுங்களுக்கு ஆளுக்கு ரெண்டு பிரஷ், எங்களுக்கு ஒண்ணுமில்லியா?"

"உங்க ஊர்லதான் தூசியே இல்லையே" என்றார் மணவாளன்.

"அது எங்க தப்பா சார்?"

கைதட்டல் எழுந்தது. ராசம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, உக்காருண்ணே."

"நீ வாங்கிட்ட, நல்லா பேசுவ."

கோரிக்கையில் நியாயம் இருப்பதாக மணவாளன் கருதினார். ஆலையின் புகைபோக்கியை நாற்பது அடி உயர்த்தி, தூசி எல்லாக் கிராமங்களுக்கும் பாகுபாடின்றிச் சென்று சேர ஆவன செய்யப்படும் என்று தீர்மானம் வாசித்தார்.

"ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்."

கூட்டம் முழுக்க ஒரே ஒரு கை உயர்ந்தது. ராசம்மாளின் கை. அதில் பிரஷ் இருந்தது.

மணவாளன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் குனிந்தார்.

"அந்தம்மாவுக்கு மூணாவது வேணுமாம். குறிச்சிக்கங்க."