எதிர் ஜன்னல் எதிரி

"எவன்டா அவன்!"

டார்ச்சுக்காரர் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூடிய கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பூச்சி பறந்தது.

"என்னங்க ஆச்சு?" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"எதிர்க் கட்டடத்துல எவனோ ஒருத்தன் என் மூஞ்சியில டார்ச் அடிக்கிறான்!"

"நீங்க அவன் மூஞ்சியில அடிச்சீங்களா?"

"நான் எதுக்கு அடிக்கிறேன்? நான் பாட்டுக்குச் சுவத்துல அடிச்சுப் பாத்துட்டு இருந்தேன்!"

அவர் சொன்னது பொய் இல்லை. கேட்டவர்களுக்கு, கேட்ட மாதிரி எல்இடி டார்ச் செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். எந்த டார்ச்சையும் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். எதிர்க் கட்டடத்துக்கு நல்ல வெள்ளைச் சுவர். கடந்த ஒரு வருஷமாக இருட்டினதும் அவருக்கு அதுதான் திரை. நடுநடுவே ஜன்னல் என்று சில கட்டங்கள் வந்து தொலைப்பது ஒன்றுதான் அவருக்குத் தொந்தரவு.

டார்ச்சில் பல்பைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்கும் இல்லையா, அதுதான் ரிஃப்ளெக்டர். நமக்கு அது கிண்ணம். அவருக்கு அதுதான் டார்ச்சின் உயிர். ஆழமாக, வழவழப்பாக இருந்தால் வெளிச்சம் நேராகத் தூரத்துக்குப் போகும். ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடியாக மேடும் பள்ளமுமாக இருந்தால் வளையம் விழாமல் மெத்தென்று பரவும். இந்த இரண்டில் எது என்று முடிவுசெய்ய அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மற்றவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுவார்கள்.

இந்தத் தடவை முடிவு அவசரம். ஒருவர் போனில் ஆர்டர் கொடுத்திருந்தார்.

"என் வாட்ச்மேன் கீழ நின்னு அடிப்பான். நாலாவது மாடியில நிக்கிற ஆளோட மூஞ்சி தெரியணும். சும்மா வெளிச்சம் விழுந்தா போதாதுங்க. மூக்கு முழி எல்லாம் தெரிஞ்சு, ஆளை அடையாளம் சொல்லணும். டார்ச் சிவப்புக் கலர்ல இருக்கட்டும், வாட்ச்மேன் எதையும் எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவான். இது ஒண்ணு சரியா வந்துச்சுன்னா என் கட்டடம் அத்தனைக்கும் உங்ககிட்டயே வாங்கிக்கறேன்."

எதற்கு என்று கேட்கிற வழக்கம் டார்ச்சுக்காரருக்குக் கிடையாது. அவர் ரிஃப்ளெக்டரைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார்.

ஆனால் அவர் மனைவி எல்லாவற்றையும் யோசிப்பவள். இருந்த வேலையை, மேனேஜர் ஏதோ சொன்னார் என்று உதறி, அடையாள அட்டையைக் கழற்றி அந்த ஆளின் டீக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வந்த மனுஷன் இவர். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு கிடையாது, ஸ்க்ரூவும் ஒயரும்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், இந்த ஆர்டர் வந்த அன்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, பேசாம எங்க அண்ணன் கம்பெனியில போய் உக்காருங்க. அண்ணன் உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கார்."

"உங்க அண்ணன்கிட்டயா? அந்த ஆளு 'மாப்ள, அந்த ஃபேனைப் போடுங்க'ன்னு சொல்லுவான், நான் எழுந்து போய்ப் போடணுமா?"

"போட்டா என்ன? கை தேஞ்சா போயிடும்?"

அந்த நாற்காலியை நினைத்தாலே டார்ச்சுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் எதிர் ஜன்னல்காரன் மேல் அப்படி ஒரு கோபம். கண்ணில் பூச்சி பறக்கும்போது ரிஃப்ளெக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மறுநாள் இருட்டினதும் பல்லைக் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நேர் எதிரே, நாலாவது மாடி ஜன்னல். டார்ச்சைப் போட்டார். பளீரென்று அங்கிருந்தும் வெளிச்சம் அடித்தது. அணைத்தார். அங்கும் அணைந்தது.

"பாத்தியா, பயந்துட்டான்!" என்றார் மனைவியிடம்.

மறுபடி போட்டார். அங்கும் வந்தது. மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டார். அங்கும் அணைந்து அணைந்து எரிந்தது.

"பழிப்புக் காட்டறான்டி! என்னையே பழிப்புக் காட்டறான்!"

"ஆமாங்க," என்றாள் மனைவி. கண் கூசியதில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்ன திமிரு! நம்ம போடற வரைக்கும் காத்துட்டு இருக்கானே! வேற வேலையே இல்லையா அவனுக்கு?"

கல்யாணமாகி ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே ஆளின் மேல் கோபப்பட்டார்கள். ஆனால் அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை.

ஆழமான ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு ஆரஞ்சுத்தோலை மாட்டிக்கொண்டு வந்தார் டார்ச்சுக்காரர். இந்தத் தடவை உஷார். எதிர் வெளிச்சத்தை நேராகப் பார்க்காமல், அது தன் முதுகுக்குப் பின்னால் சுவரில் விழுவதைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அடப்பாவி! ஆரஞ்சுத்தோல்!"

"என்னது?"

"வளையமே இல்ல பாரு, மெத்துனு விழுது. முதல்ல ஆழமானதை அடிச்சான். நான் மாத்தினதும் அவனும் மாத்திட்டான்! நான் எதை வாங்கினேனோ அதையே அவனும் வாங்கி வெச்சிருக்கான்! இது சும்மா வம்பு இல்லடி, அவனும் டார்ச் செய்யறவன். என் தொழிலைத் திருடறான்!"

அந்த ரிஃப்ளெக்டர் கிடைப்பது ஒரே ஒரு கடையில். காலையில் கடை திறப்பதற்கு முன்பே டார்ச்சுக்காரர் வாசலில் நின்றார். கடைக்காரர் கதவைப் பாதி தூக்கினபோதே குனிந்து உள்ளே போய்விட்டார்.

"என் ரிஃப்ளெக்டரை வேற யாருக்குக் குடுத்தீங்க?"

"காலங்காத்தால என்ன சார் இது? யாருக்கும் குடுக்கலையே."

"எதிர் வீட்டுக்காரன்கிட்ட இருக்கே! அதே ஆழம், அதே ஆரஞ்சுத்தோல்!"

"சார், அந்தப் பெட்டியை நான் திறக்கிறதே உங்களுக்காகத்தான். இதுக்காக இப்படி அலையுற கிறுக்கு இந்த ஏரியாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"யாரைக் கிறுக்குங்கறே?"

"மரியாதையாப் பேசுங்க!"

"திருட்டுத்தனம் பண்றவனுக்கு என்னய்யா மரியாதை?"

கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கும் காலையில் டீ குடித்தால்தான் பொறுமை வரும். அன்றைக்கு இன்னும் குடிக்கவில்லை. ஆரஞ்சுத்தோல் பெட்டியை அப்படியே தூக்கி மேல் தட்டில் போட்டார். "இனிமே உனக்கு ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. கடைப் படியை மிதிச்சே, நடக்கறதே வேற!"

வீட்டுக்கு வந்த டார்ச்சுக்காரர் வெகுநேரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். யாரிடமும் இருக்க முடியாத ஒரு ரிஃப்ளெக்டர் வேண்டும். கடையில் வாங்காதது, அவர் கையாலேயே செய்தது. அதை எப்படி அவன் வாங்குவான் பார்ப்போம். சமையலறை அலமாரியில் ஒரு ஸ்டீல் கிண்ணம் பளபளவென்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

சாயங்காலம் மனைவி கடைத்தெருவிலிருந்து வந்து பார்த்தபோது, கிண்ணத்தின் அடிப்பாகம் டார்ச்சில் இருந்தது. மேல்பாகம் வளையமாகத் தரையில் கிடந்தது.

"ஐயோ! எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த செட்டுங்க அது! ஆறு கிண்ணம்!"

"இன்னும் அஞ்சு இருக்குல்ல? சும்மா இரு. வா, வந்து வேடிக்கை பாரு."

வெட்டும்போது சுத்தியல் வழுக்கி, கிண்ணத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதனால் எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்துக்கு வலப்பக்கம் கன்னம் வீங்கின மாதிரி ஒரு புடைப்பு. "இதை எவனாலயும் காப்பி அடிக்க முடியாது," என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திருப்பினார்.

எதிர் வெளிச்சம் வந்தது. திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். அங்கே, கன்னம் வீங்கின வெளிச்சம். வீக்கம் மட்டும் இடப்பக்கம்.

டார்ச்சுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். வாயில் வரக் கூடாத பேச்சு வந்தது.

"உங்க அண்ணன்!"

"எங்க அண்ணனுக்கு என்ன?"

"உங்க அண்ணன் அவனுக்கும் ஒரு செட் வாங்கிக் குடுத்திருக்கான்! அதே கிண்ணம், அதே நசுங்கல்! எனக்குத் தெரியக் கூடாதுன்னு திருப்பி மாட்டியிருக்கான் பாரு! எல்லாம் கூட்டு! என் தொழிலைக் கெடுத்து, என்னை அந்த நாற்காலியில உக்கார வெச்சு, ஃபேன் போட வெக்கத்தான் உங்க அண்ணன் ஆள் வெச்சு இதெல்லாம் பண்றான்!"

மனைவி இடுப்பில் கை வைத்தாள். டார்ச்சுக்காரர் அரை அடி பின்வாங்கினார்.

"எங்க அண்ணனுக்கு வேற பொழப்பு இல்ல? உங்களுக்கு டார்ச் அடிக்க ஆள் வெச்சிருக்காரா? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. ஆம்பளையா இருந்தா நேராப் போய் அவன் சட்டையைப் பிடிச்சு யாருன்னு கேளுங்க. அவன் எங்க அண்ணன் ஆள் இல்லன்னா, திங்கக்கிழமை அந்த நாற்காலியில நீங்க உக்காந்தே ஆகணும்!"

"அவன் உங்க அண்ணன் ஆளா இருந்தா?"

"அப்ப நானே அண்ணன்கூடப் பேச மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் போன் செய்தார். அவர் குரலிலும் சூடு இருந்தது. "என்னங்க, இன்னைக்குச் சாயந்திரம்னு சொன்னீங்களே! வாட்ச்மேன் கேட்டுலயே காத்துட்டு இருக்கான். விலாசம்கூட அப்பவே அனுப்பிட்டேன், பாக்கலையா?"

"இதோ சார், கையிலயே இருக்கு. நடுவுல ஒரு சின்ன வேலை, அதை முடிச்சுட்டு நேரா அங்கதான்," என்று போனை வைத்தார். விலாசத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? கிண்ணத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முதலில் வைத்திருந்த ஆழமான வழவழப்பு ரிஃப்ளெக்டரையே சிவப்பு டார்ச்சில் மாட்டினார். மனைவி கையில் இன்னொரு டார்ச்சைத் திணித்தார்.

"நீ இங்கேருந்து அந்த ஜன்னல்லயே அடிச்சுட்டு இரு. அவன் எங்கயும் நகரக் கூடாது. நான் போனவுடனே போன் போடு."

நாலு மாடியும் தடதடவென்று இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்துக் கேட்டைத் தள்ளினார். உதைக்க வந்தவரை வாட்ச்மேன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன்!"

"ஓ, உனக்கும் தெரியுமா? நீயும் கூட்டா?" டார்ச்சுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நாலாவது மாடி ஆளைக் காட்டு முதல்ல!"

"மேலேருந்தே பாத்துடலாம்ங்கறீங்களா? அதுவும் சரிதான். வாங்க," என்று வாட்ச்மேன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நாலாவது மாடிக் கதவைத் திறந்ததும் டார்ச்சுக்காரர், "டேய், வெளிய வாடா!" என்று பாய்ந்தார். அவர் குரல் மட்டும் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. கூடத்தில் ஒரு பாய்கூட இல்லை. படுக்கையறையில் காலண்டர் மாட்டின ஆணி ஒன்று மட்டும் இருந்தது. குளியலறைக்குள், அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால், எங்கேயும் ஒரு ஆளும் இல்லை.

போன் அடித்தது.

"என்னங்க! பிடிச்சுட்டீங்களா?" மனைவி மூச்சு வாங்கினாள். "அவன் அங்கதான் நிக்கிறான்! ஜன்னல் பக்கத்துலயே! இதோ என் மூஞ்சியில அடிக்கிறான் பாருங்க! விடாதீங்க, பிடிங்க!"

ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது டார்ச்சுக்காரர் மட்டும்தான்.

மெல்ல ஜன்னல் கதவைத் திறந்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அதன்மேல் பளபளவென்று ஒரு ஃபிலிம் ஒட்டியிருந்தது, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. அதில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஆள் அவரையே பார்த்தான்.

"ஐயோ, ஓடிட்டான்! நீங்க கதவைத் திறந்ததும் ஓடிட்டான்!" என்று போன் கத்தியது. அவர் அதை அணைத்தார். ரிஃப்ளெக்டரில் ஊறிப்போன மனுஷனுக்கு ஒரு கண்ணாடி தெரியவில்லையே என்று அவர்மேலேயே அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைக்காரர் காலில் விழ வேண்டும். கிண்ணத்துக்கு என்ன பதில் சொல்வது? போகட்டும், ஆர்டர் ஒன்றாவது மிச்சம். அதை நல்லபடியாக முடித்தால் அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்கலாம்.

"குடுங்க சார்." வாட்ச்மேன் ஆசையோடு கையை நீட்டினார். "சிவப்புக் கலர்ல வரும்னு ஓனர் சொன்னாரு. என்கிட்டயே குடுத்துடுவாங்கன்னாரு."

டார்ச்சுக்காரர் அவசரமாகப் போனை எடுத்து, வந்து கிடந்த விலாசத்தை அப்போதுதான் படித்தார். அவர் நின்றுகொண்டிருந்த கட்டடம்தான்.

அதற்குள் வாட்ச்மேன் டார்ச்சை வாங்கி, பித்தானை அழுத்தி, நேராக அவர் முகத்திலேயே அடித்துப் பார்த்தார். "அடேங்கப்பா! மூக்கு முழி எல்லாம் என்னமாத் தெரியுது சார்! இனிமே உங்களை எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லிடுவேன்!"

டார்ச்சுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். தொழில் தொடங்கியதிலிருந்து யாரிடமும் கேட்காத கேள்வியை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஆமா... இந்த டார்ச் உங்க ஓனருக்கு எதுக்கு?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க, எதிர்க் கட்டடத்து நாலாவது மாடியில ஒரு கிறுக்கன் ஒரு வருஷமா தினமும் இந்த ஜன்னல்ல டார்ச் அடிச்சு அடிச்சே குடிவந்தவங்களை எல்லாம் ஓட வெச்சுட்டான், ஃபிலிம் ஒட்டியும் அடங்க மாட்டேங்கறான், அந்த நாய் மூஞ்சியைப் பாத்து வெக்கத்தான்!"