செல்லில் சர்க்கரை, துணியில் பிசிறு, கம்பெனியில் காய்ச்சல்

ராயபுரம், திருப்பூர்.

மாப்பிள்ளை குகன் அவர்களுக்கு, மாமனார் மருதாசலம் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்க அத்தையும் நலம். கம்பெனிதான் நலமில்லை. போனில் சொன்னா நீங்க மறுபடி விளக்க ஆரம்பிச்சுருவீங்கன்னுதான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பறேன்.

வைரஸ் ஆராய்ச்சி பண்றவராச்சேன்னு போன ஞாயித்துக்கிழமை உங்ககிட்டக் கேட்டேனில்லீங்களா, நம்ம தையல் லைனில் பதினெட்டு டெய்லருங்க ஒரே நாளில் காய்ச்சல்னு நின்னுட்டாங்க, வெள்ளிக்கிழமை சரக்கு ஏறாட்டி ஆர்டரே போயிரும், என்ன பண்றதுன்னு. அதுக்கு நீங்க, உடம்புச் செல்லுக்கு மேலெல்லாம் சர்க்கரைச் சங்கிலி நீட்டிக்கிட்டு இருக்கும், காய்ச்சல் வைரஸ் அதோட நுனியைப் பிடிச்சுத்தான் உள்ளே நுழையும்னீங்க. டீயில் போடுற சர்க்கரையான்னேன். இல்லீங்க மாமா, இது வேறன்னீங்க. சரின்னேன். கோழிக் காய்ச்சல் வைரஸுக்கு அந்த நுனி வேற மாதிரி மாட்டியிருக்கணும்னீங்க. அதுக்கும் சரின்னேன். உள்ளே பெருகி வெளியே போறப்ப அதே சர்க்கரையை வெட்டிட்டுப் போகும்னீங்க. பிடிச்சு ஏறினவன் எதுக்குங்க அதையே வெட்டணும்? அங்கேதான் எனக்குக் குழம்புச்சு. கடைசியா, பருத்தி நூலும் சர்க்கரைச் சங்கிலிதான்னு ஒரு வார்த்தை விட்டீங்க பாருங்க, அதுதான் வினை.

பனியன் துணியில் நீட்டிக்கிட்டிருக்கிற பிசிறை, பயோவாஷ்னு துவைக்கிறப்ப என்சைம் போட்டுத்தானே திங்க வைக்கிறோம்? அப்போ பிசிறு இல்லாட்டி வைரஸ் எதைப் பிடிக்கும்? மீதி டெய்லருங்களுக்கு நம்ம துணியிலேயே மாஸ்க் தைச்சு, என்சைமை டபுள் டோஸ் போடப்பான்னு வாஷிங் பட்டறை கன்னையன்கிட்டச் சொன்னேன். இதையே தொண்டையில் ஊத்திக் கொப்புளிக்கலாமான்னும் கேட்டேன். "அண்ணா, அது பருத்தியைத் திங்கும். உங்க நாக்கைத் திங்குமான்னு சாம்பிள் போட்டுப் பார்த்ததில்லீங்க"ன்னான்.

மாஸ்க் வந்துச்சு. சூப்பர்வைசர் சாமியாத்தாள் ஒண்ணை மாட்டிக்கிட்டு ஒரு தும்மல் போட்டுச்சு, மூக்கு கிழிச்சுக்கிட்டு வெளியே வந்திருச்சு. "ஏனுங்க முதலாளி, இது கொசுவலைங்களா?" அப்புறம் லைனே சிரிச்சுது, ஒரு மெஷினும் ஓடலை. ஊட்டுக்கு வந்தா உங்க அத்தை, "மாப்பிள்ளை படிச்ச படிப்பை நீங்க எதுக்குங்க துவைக்கிறீங்க?"ன்னு கேக்குது.

வேற வழியில்லாம, கம்பெனியெல்லாம் வைரஸ், பத்து நாள் தவணை கொடுங்கன்னு, சரக்கு வாங்கற பையருக்கு மெயில் போட்டுட்டேன். சான்று கேக்கறாங்க. அதனால உங்க ஆராய்ச்சி நிலையத் தாளில், மருதாசலம் கம்பெனியில் வைரஸ் இருப்பது உண்மைன்னு இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்புங்க. சர்க்கரை விவரத்தையும் சேர்த்துப் போடுங்க. ஒருத்தனும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான். எனக்கே கேட்கத் தெரியலையே.

எங்க பொண்ணு கலைமகளைக் கேட்டதாச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேரையும் எந்த நுனியிலும் எதுவும் பிடிக்காம முருகன் காப்பாத்தணும்.

அன்புடன்,
மருதாசலம்

பின்குறிப்பு: மேலே கேட்டதைச் செஞ்சுராதீங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி டீக்கடைக்குப் போனேன். பக்கத்துக் கம்பெனி வேனிலிருந்து நம்ம பதினெட்டுப் பேரும் இறங்கறாங்க. காய்ச்சல் என்னாச்சுன்னேன். "காய்ச்சலெல்லாம் இல்லீங்க, இவங்க கம்பெனியில் ஏசி போட்டிருக்காங்க"ன்னாங்க. நாளைக்கு நம்ம லைனுக்கும் ஏசி மாட்ட ஆள் வருது, அவங்களும் திரும்பி வர்றாங்க, வெள்ளிக்கிழமைக்குச் சரக்கும் ரெடியாயிரும். ஆனா, வைரஸ் புகுந்த கம்பெனிச் சரக்கே வேண்டாம்னு இப்பத்தான் பையர் மெயில் போட்டிருக்காங்க. அதனால அதே தாளில், மருதாசலம் கம்பெனியில் எந்த வைரஸும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லைன்னு இன்னைக்கே எழுதி அனுப்புங்க.