கிருமி வளர்த்த சுகாதார ஆய்வாளர்

அரியூர் நாடு, கொல்லிமலை.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும்.

மரியாதைக்குரிய மச்சான் ஜோசப் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரோஸ்லினின் கணவன் ஆல்பர்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இரண்டு பேருக்கும் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லில் தாங்களும் தெரசா அக்காவும் சுகமாகவும், தங்கள் சர்க்கரை கட்டுக்குள்ளும் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், மீதியை இங்கே சிக்னல் விழுங்கிவிடும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த மலையை விட்டு இடமாற்றம் வேண்டும். பெரிய இடத்தில் இருக்கும் தங்கள் கல்லூரி நண்பரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலைக்கு வந்த புதிதில், குளிர் காற்று, பலாப்பழம், சொர்க்கம் என்று தங்களுக்கு அளந்தது நான்தான். அதைத் தயவுசெய்து இப்போது ஞாபகப்படுத்த வேண்டாம்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகை இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் ஒரு டீசல் டிரம் நான் வருவதற்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தது. அதன் அடி துருப்பிடித்து, யாருக்கும் தெரியாமல் சொட்டிச் சொட்டி, வேலிக்குக் கீழே சின்னராசு, ருக்குமணி தம்பதியின் நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டது. சரிவு நெடுக அவர்களுக்கு மரவள்ளியும் மிளகும் இருந்தாலும் ஊற்றுத் தண்ணீர் எட்டுகிற இடம் அந்தத் துண்டு ஒன்றுதான். ஆனி மாதம் அங்கே கேழ்வரகு நாற்று விட்டுத்தான் மேல்காட்டில் நடுவார்கள். நாற்று இல்லையென்றால் மேல்காடு தரிசு, மேல்காடு தரிசு என்றால் அந்த வருஷம் அவர்கள் வீட்டில் களி இல்லை. பொங்கல் கழித்து மண்ணைக் கொத்தப் போனால் கறுப்பு மண்ணும் டீசல் வாடையும். என்னிடம் வந்து சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ருக்குமணியம்மா சண்டை போடவில்லை. ஒரு பிடி மண்ணை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏனுங்க சார், நீங்கதான நோய் நொடியெல்லாம் பாக்கறீங்க. இந்த மண்ணு செத்தே போச்சுங்களா, இல்ல சீக்குங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

டிரம்மை உடனே அப்புறப்படுத்திவிட்டு, மண் பரிசோதனை செய்யும் வனிதா மேடத்தை மலைக்குக் கீழே இருந்து வரவழைத்தேன். மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய் எங்காவது கொட்டச் சொல்வார் என்று பார்த்தால், தொடவே கூடாது என்றுவிட்டார். "சார், இந்த மண்ணுலயே டீசலைத் தின்னுற கிருமி இருக்கு. நமக்கு அது விஷம், அதுகளுக்கு அது சோறு. ஆனா வெறும் சோத்தை எவ்வளவு நாள் திங்கும்? தொட்டுக்க ஏதாவது வேணும்ல, அதுக்குச் சாணம் போடுங்க. மூச்சு விடணும், அதுக்கு அடிக்கடி கொத்திப் புரட்டுங்க. ஈரம் வேணும், பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. இதுகளைப் பத்திரமா வளர்க்குறது உங்க பொறுப்பு" என்றார். யாரிடம் சொல்கிறார் பாருங்கள். கிணற்றுக்குக் குளோரின், சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைக்குச் சோப்பு என்று கிருமியைக் கொல்வதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளிடம், கிருமிகளுக்குச் சாப்பாடு போடு என்கிறார். எங்கள் மருந்தாளுநர் பூபாலன் அன்றே எனக்குக் கிருமிகளின் வளர்ப்புத் தந்தை என்று பட்டம் கொடுத்துவிட்டான்.

பட்டத்துக்குத் தகுந்தபடி சாணம் சுமந்தேன், மண்வெட்டி பிடித்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஈஸ்டருக்குத் தாங்கள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லும் வரைக்கும். மச்சான் வருகிற நேரத்தில், நிலையத்தை ஒட்டியே இருக்கும் நம் வீட்டுக்குப் பின்னால் சாண வாடையும் ஈயுமா என்று யோசித்தேன். யோசித்தது மூளை, வேலை செய்தது கை. பல வருஷப் பழக்கம் மச்சான். பவுடர் மூட்டையைப் பிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது நாற்றங்கால் முழுக்க வெள்ளை வெளேரென்று தூவி, ஓரத்தில் கோடு வேறு போட்டு முடித்திருந்தேன். தாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வேலைன்னா வேலைதான், என்ன சுத்தம்" என்று தெரசா அக்காவிடம் பெருமையாகச் சொன்னீர்களே, அது ஒரு படுகொலை மச்சான். அங்கே கிடந்ததெல்லாம் நான் சாணம் ஊட்டி வளர்த்த பிள்ளைகள். தங்கள் பாராட்டைக் கேட்டுக்கொண்டு கேக்கை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு வந்து பார்த்த வனிதா மேடம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரோ திட்டாமல், மேல் மண்ணைச் சுரண்டி எடுங்கள், அடியில் கொஞ்சம் பிழைத்திருக்கும், அதோடு உறைமோர் ஊற்றுவது போல வேறு மண் கலக்கலாம், பல வருஷமாக எண்ணெய் சிந்துகிற இடத்து மண்ணில் எண்ணெய் தின்று பழகிய கிருமி நிறைய இருக்கும் என்றார். இந்த மலையில் அப்படிப்பட்ட இடம் எது, செம்மேட்டில் முருகானந்தத்தின் லாரி பட்டறைதான். தரையில் எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது என்று போன வருஷம் அவனுக்கு நோட்டீஸ் கொடுத்தவனும் நான்தான். ஆய்வாளர் சாக்குப் பையோடு வருகிறார் என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நான் போய் இறங்கியபோது பட்டறை பெருக்கி, புதுச் செம்மண் கொட்டி, வாசலில் கோலம் போட்டு இருந்தது. "பாருங்க சார், ஒரு சொட்டு எண்ணெ இல்லீங்க" என்றான். "அழுக்கு மண் எங்கய்யா?" என்றேன். "அப்படி ஒண்ணு நம்ம பட்டறையில இருந்ததே இல்லீங்க" என்று சாமி படத்தைத் தொடப் போனான். அவன் கையைப் பிடித்து, உன் அழுக்கு எனக்கு வேண்டும் முருகானந்தம், கொஞ்சம் தயவு பண்ணு என்று நடுரோட்டில் நின்று கெஞ்சினேன். அதுவரை சுத்தமாக வை என்று அவனை மிரட்டிய ஆள் நான். பட்டறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மண்ணைச் சந்தேகத்தோடேதான் அள்ளிப் போட்டான். இப்போதும் என்னைக் கண்டால், "ஏதும் கேஸ் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறான்.

மேல் மண்ணை எடுத்துவிட்டு அந்தப் பட்டறை மண்ணைக் கலந்த பிறகு நான் காவல் இருக்கும் லட்சணத்தைத் தங்கள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழை கொட்டினால் மண்ணுக்கு மூச்சு முட்டுமே என்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேனாம், கொடியில் நனைகிற அவள் சேலை என் கண்ணில் படுவதில்லையாம். "என்னை ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா? அதுகளைப் போய்க் கேக்குறீங்க" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னராசுவோ மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் என்னவோ உயிரோடு இருக்கிறது என்று கேட்டதிலிருந்து செருப்பைக் கழற்றி வரப்பிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார். ருக்குமணியம்மா ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொம்போடு வந்துவிட்டார். மஞ்சள் கிருமிநாசினி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான், அந்தச் சொம்பைப் பிடுங்கி வேலிக்கு வெளியே கொட்டினேன். "ஏனுங்க, நல்லதுக்குத் தானுங்க" என்றார். அந்த நல்லதுதான் அம்மா வேண்டாம் என்றேன். வனிதா மேடத்துக்குப் போன் போட்டால், அந்தச் சொம்புத் தண்ணீருக்கெல்லாம் அதுகள் சாகாது சார், நீங்கள் தூவிய பவுடருக்கே முழுசாகச் சாகவில்லையே என்று சிரிக்கிறார்.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். வாடை குறைந்திருக்கிறது. மண்ணின் கறுப்பும் வெளுத்திருக்கிறது. வனிதா மேடம் போன வாரம் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மூலையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு தூவிப் பார்க்கலாம், முளைத்தால் மண் தேறிவிட்டது என்று அர்த்தம் என்றார். ருக்குமணியம்மா விதைக்கு வைத்திருந்ததில் இருந்து எடுத்து வந்து தூவினார். இந்நேரம் முளைத்திருக்க வேண்டும். நேற்றுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்று பார்க்கவே இல்லை, கோயிலுக்குக்கூட முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வந்தேன். முளைக்கவில்லை என்றால் ஆனியும் போய்விடும், மேல்காடும் போய்விடும். அந்த அம்மா அப்போதும் சண்டை போட மாட்டார். வேலியோரம் வந்து நின்று பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நினைத்தாலே மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், கன்னியாகுமரியோ திருத்தணியோ, மண்ணே இல்லாத ஊராக இருந்தால் ரொம்ப நல்லது, எங்கேயாவது தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

மற்றபடி தெரசா அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். ஆரோக்கிய மாதா தங்கள் சர்க்கரையையும் என் மானத்தையும் சேர்த்துக் காக்கட்டும்.

தங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட,
ஆல்பர்ட்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ருக்குமணியம்மா, "சார், செத்த வாங்க" என்று கூப்பிட்டார். குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு இறங்கினேன். மூலையில் ஊசி முனை அளவில் பச்சை. ஒன்றிரண்டு இல்லை மச்சான், தூவிய இடம் பூராவும் பச்சை. ரோஸ்லின் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, மண் வாடைதான் வருகிறது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கக் கிருமிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். டீசல் தீர்ந்ததும் பாவம் அதுகளுக்குச் சாப்பாடு இருக்காது, குறைந்துபோகும் என்று மேடம் சொல்லியிருக்கிறார் என்றேன். ருக்குமணியம்மா மண்ணைத் தடவிக்கொண்டே, "தீந்தா தீந்துட்டுப் போவுதுங்க. எங்க ஊட்டுல சாணி இருக்குது. இத்தன நாளு நமக்குப் பாடுபட்டதுங்கள வேற எடத்துக்கு அனுப்பிருவமா? இங்கயே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னது கிருமிகளைத்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் இடமாற்றம் வேண்டாம் மச்சான். நாற்றுப் பறிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.