மடைகாத்தான் கொலை வழக்கு

“அருவாள ஜெராக்ஸ் எடுக்க முடியாது சித்தப்பா. கண்ணாடி கீறிப்போகும்” என்றான் அழகுராஜா.

“ரெண்டு பக்கமும் வேணும். பெரிய பேப்பர்ல எடு” என்றார் ராஜகுரு. சொன்னால் காதில் வாங்குகிற ஆளா அவர்? பாலிதீன் பையிலிருந்து கோயில் அருவாளை உருவி மெஷின் மேல் படுக்க வைத்துவிட்டார்.

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே பதினோரு வருஷமாகக் கடை நடத்துகிறான் அழகுராஜா. ஆதார், பட்டா, சிட்டா, வருமானச் சான்றிதழ் என்று அந்த மெஷின் பார்க்காத காகிதம் இல்லை. கொலை ஆயுதம் மட்டும் இதுதான் முதல் தடவை.

கொலை நடந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. செத்தவர் இப்போது சாமி. ரெட்டைமடைக் கண்மாயில் தண்ணீர் திருட்டுப் போகாமல் காவல் இருந்த மனிதரை எவனோ வெட்டிப்போட, அவர் மடைகாத்தான் சாமியாகிக் கரையில் கல்லாக நிற்கிறார் என்பது ஊரறிந்த கதை. வெட்டியது யார் என்பதில்தான் வில்லங்கம். மேலமடைக்காரர்கள் கீழமடையைக் கை காட்டுவார்கள், கீழமடைக்காரர்கள் மேலமடையை. இந்தப் பகையில் இரண்டு வகையறாவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததே கிடையாது.

ராஜகுரு கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சாட்சிகளை மூன்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதில், ஜட்ஜுக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கும் தெரியும் என்றொரு நம்பிக்கை அவருக்கு. ஓய்வு பெற்றவர் பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு இருக்கலாம்தானே? வாட்ஸ்அப்பில் ‘மடைகாத்தான் கொலை வழக்கு உண்மை அறியும் குழு’ என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். மேலமடை சார்பில் அவரே, கீழமடை சார்பில் மகளிர் குழுத் தலைவி ராமலட்சுமி. இரண்டு மடைக்கும் பொதுவான ஆள் வேண்டுமே என்று பக்கத்துப் பாத்திரக்கடை மதார் சாகிபு. கூடுகிற இடம், ஃபேன் ஓடுகிறது என்பதால், அழகுராஜாவின் கடை.

“கல்லுல பாருங்கண்ணே, எடது தோள்லதேன் செதஞ்சிருக்கு” என்றாள் ராமலட்சுமி. “அப்ப எதுத்தாப்புல நின்னு வெட்டுனவன் சோத்தாங்கைக்காரன்.”

“ஊர்ல முக்காவாசிப் பேரு உள்ள போகணும்மா” என்றார் மதார் சாகிபு. அருவாளைத் தூக்கிப் பார்த்தார். “இதென்னங்க, பட்டறை முத்திரை இருக்கு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணுன்னு வருசம் போட்டிருக்கு?”

ராஜகுரு அசரவில்லை. “பழசு துருப்பிடிச்சுப் போச்சுன்னு மாத்துனது பாய். இது நகலு. அட்டெஸ்ட் பண்ணுனா கோர்ட்டுல செல்லும்.”

“பாட்டு இருக்குல்ல? ‘பட்டப்பகல் வேளையில’ன்னுதேன் எங்க கீழமடையில கும்மி கொட்டுவாக.”

“மேலமடையில ‘நடுச்சாம வேளையில’ம்மா” என்றார் ராஜகுரு.

மதார் சாகிபு சிரித்தார். “எதுக்குங்க இத்தன அக்கப்போரு? மத்த கேஸுல செத்தவன் வர மாட்டான். இங்கதேன் வருசா வருசம் வாராகளே! கோயில் பொங்கலுக்கு வர்றப்ப அவுககிட்டயே கேட்டுற வேண்டியதுதான?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ராஜகுருவும் ராமலட்சுமியும் ஒரே சமயத்தில் திரும்பி அழகுராஜாவைப் பார்த்தார்கள். மடைகாத்தான் சாமியாடி அவன்தான்.

அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. அப்பா செத்தபிறகு ஆறு வருஷமாக ஆடுகிறான். ஒரு வருஷம்கூட அவன்மேல் சாமி வந்ததில்லை. முதல் வருஷம் ஊரே கைகூப்பி நிற்க, மேளம் காதைப் பிளக்க, வேறு வழி தெரியாமல் ஒரு குதி குதித்தான். அதிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் சலங்கை கட்டும்போது, “மன்னிச்சுக்கப்பா” என்று மனசுக்குள் அழுவான். பாவம், நல்ல மனிதன்.

அதைவிடப் பெரிய கவலை மகள் ஜெகதீஸ்வரி. அருப்புக்கோட்டைக்குக் காலேஜ் போன பஸ்ஸில் கீழமடை பாண்டீஸ்வரனோடு ஏற்பட்ட பழக்கம். ஒரு வருஷம் அழுது, பட்டினி கிடந்து, இரண்டு வீட்டையும் கரைத்து, வைகாசியில் கல்யாணம் என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது. இரண்டு மடைக்கும் இடையே முதல் சம்பந்தம். இதற்கு நடுவில் சாமி வாயைத் திறந்து கொலைகாரன் பேரைச் சொன்னால்?

“சாமி கேஸு விசயமெல்லாம் பேசாது சித்தப்பா” என்றான்.

“ஏன் பேசாது? போன வருசம் என் ஆட்டக் காணோம்னு கேட்டதுக்கு ‘தெக்க போயிப் பாரு’ன்னு சொன்னுச்சே. தெக்கதான கெடச்சுச்சு!” என்றாள் ராமலட்சுமி.

குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான் அது. எப்படிச் சொல்வான்?

அன்று சாயங்காலம் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஓடிப்போகவும் வழியில்லை.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். கொலைகாரன் வெளியூர்க்காரன் என்று ஆகிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லையே? கடைக்காக வாங்கி வைத்திருந்த இன்னொரு சிம்மிலிருந்து ராஜகுருவுக்கு ஒரு மெசேஜ் தட்டினான்: ‘வெட்டியது வடக்கேயிருந்து வந்த ஆட்கள். இப்படிக்கு, நலம் விரும்பி.’

அரைமணி நேரத்தில் குழு கொந்தளித்தது. புதுச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் ராஜகுரு தூங்கவில்லை. விடிந்ததும் யாரையோ விசாரித்து, ஒரு உண்மையைக் கண்டுபிடித்துப் போட்டார். குண்டாற்றுக்கு வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்கள் கீழமடைக்காரர்களாம்.

சம்பந்தி சின்னச்சாமியிடமிருந்து போன் வந்தது.

“மச்சான், ஒங்க சாமி வாயில எங்க வகையறா பேரு வந்துச்சு, அன்னைக்கே பேச்சு முறிஞ்சிரும். கொலகாரக் குடும்பம்னு பேரெடுத்துட்டு எம்மகன் தாலி கட்ட மாட்டான்.”

“ஐயோ மச்சான், ஒங்க பேரு வராது. நான் பொறுப்பு!”

போனை வைத்தால் வாசலில் பங்காளி தவசி நிற்கிறார். “ஏலே அழகு, சம்பந்தி பாசத்துல சாமி நம்ம பேரச் சொல்லிருச்சுன்னு வையி, ஒருத்தன் கல்யாணத்துக்கு வர மாட்டான். பந்தக்கால ஒனக்கு நீயே ஊண்டிக்கிற வேண்டியதுதேன்.”

“அண்ணே, நம்ம பேரு எப்பிடிண்ணே வரும்? வரவே வராது.”

இரண்டு பேரையும் சமாளித்துவிட்டோம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினான். காலையில் மனைவி ஈஸ்வரி வந்து எழுப்பினாள்.

“என்னத்தச் சொல்லித் தொலச்சீக? நம்ம பேரு வராதுன்னா அவுக பேருதான வரும்னு ரெண்டு மடையாரும் பத்தாயிரம் வாலா வாங்கி வச்சிருக்காகளாம்!”

அழகுராஜா மறுபடியும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

பொங்கலன்று உச்சிப்பூசை. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கருவேலமரம் மட்டும் காடாக மண்டிக் கிடந்தது. கரையின் இந்தப் பக்கம் மேலமடை, அந்தப் பக்கம் கீழமடை, இரண்டு பக்கமும் விரித்துப் போட்ட சரவெடி. ஜெகதீஸ்வரி அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

மாரிச்சாமியின் உருமி உறுமத் தொடங்கியது. அழகுராஜா வழக்கம்போல “மன்னிச்சுக்கப்பா” சொல்லிக் குதித்தான். நாக்கைத் துருத்தினான், அருவாளைத் தோளில் சாய்த்தான். கூட்டம் குலவை போட்டது.

ராஜகுரு ஃபைலோடு முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார்.

“மடைகாத்தான்... மடைகாத்தான்... மடைகாத்தான்!”

மேளம் நின்றது.

“வந்துட்டேன்டா!” என்றான் அழகுராஜா. வேறென்ன சொல்ல?

“சாமி, ஒங்களை வெட்டுனது யாரு? அடையாளம் தெரியுமா, தெரியாதா?”

“இருட்டுடா! ஒண்ணும் தெரியல!”

“பாட்டுல பட்டப்பகல்னு வருதே சாமி?” என்றாள் ராமலட்சுமி.

“எனக்குக் கண்ணு மங்கல்!”

ராஜகுரு குறித்துக்கொண்டார். “கண்ணு மங்கல்னா காவலுக்கு எப்பிடிச் சேத்தாக?”

“ஏய்... பொறத்தால வந்து வெட்டுனான்டா!”

“காயம் முன்தோள்லல்ல இருக்கு?”

ஓரமாக நின்ற மதார் சாகிபுக்கே பொறுக்கவில்லை. “செத்தவுகளப் போட்டு இந்தக் குடை குடையிறீகளேய்யா!”

“ஒரே கேள்வி பாய். மேலமடையா, கீழமடையா? ஒரு வார்த்த போதும்.”

இரண்டு பக்கமும் ஊதுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழகுராஜா மகளைப் பார்த்தான். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பக்கம் பாண்டீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான், அழகுராஜாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யோசித்துப் பேசியதில்லை அது.

“செத்தது நீயாடா, நானாடா? நூத்தம்பது வருசமா நான் கேக்காத கேள்விய நீ எதுக்குடா கேக்குற? எனக்கு என்னைக்கோ ஆறிப்போச்சு. தண்ணிக்குத்தான உசுரக் குடுத்தேன்? எங்கடா அந்தத் தண்ணி? மடைபூராம் கருவேலமரத்த மொளைக்க விட்டுட்டு, கொன்னவனத் தேடுறானாம் கொன்னவன! ரெண்டு மடையாரும் சேந்து கண்மாயத் தூர்வாருங்கடா. இந்தப் பிள்ளைகள ஒண்ணாச் சேத்து வைங்கடா. இனிமே எவனாச்சும் என் சாவப் பத்திப் பேசுனா, வானத்தப் பாத்துக்கிட்டே கெடப்பீக!”

பிறகு சின்னச்சாமி ஓடிவந்து காலில் விழுந்தார். அவர் எழுந்திருக்குமுன் தவசியும் விழுந்தார். எழுந்த இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாங்கிய வெடி வீணாகவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்தே வெடித்தது. ராஜகுரு ஃபைலை மூடி, ‘வாதி விருப்பப்படி வழக்கு வாபஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கறிச்சோற்றுப் பந்திக்குப் போனபிறகு, கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தான் அழகுராஜா. பக்கத்தில் மாரிச்சாமி உருமியின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. இந்தக் கோயிலுக்கு அறுபது வருஷமாக அவர் மேளம்தான்.

“நல்லாச் சமாளிச்சீக தம்பி.”

அழகுராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னண்ணே சொல்றீக?”

“ஆடுற காலப் பாத்தா அடிக்கிறவனுக்குத் தெரியாதா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அழகுராஜா சலங்கையைக் கீழே வைத்தான். “சாமி பேரச் சொல்லிப் புளுகிட்டேண்ணே. பாவமில்லையா?”

“ஒங்க தாத்தா செய்யாததையா செஞ்சுட்டீக? அவருதேன் அப்ப மடைக்காவலு, சாமியாடியும் அவருதேன். ஒரு வருசம் மடைய மூட மறந்து தூங்கிட்டாரு, தண்ணி பூராம் போச்சு. மடையத் தொறந்து விட்டது யாருன்னு ஊரு சாமிகிட்ட கேட்டுச்சு. அவரு என்ன செய்வாரு? ‘அது கெடக்கட்டும், என்னைய வெட்டுனவன மொதல்ல கண்டுபிடிங்கடா’ன்னு ஒரே போடாப் போட்டாரு. எங்கய்யாதேன் அன்னைக்கு மேளம்.”

மாரிச்சாமி உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்திக்குக் கிளம்பினார்.

“அதுக்கு முந்தி வரைக்கும் மடைகாத்தான், வயசாகிக் காச்சல்ல செத்த சாமிதேன் தம்பி.”