பத்து விரலும் சிவப்பு

எனக்கு நிறக்குருடு கிடையாது. கண் டொக்டரிடம் காட்டியே உறுதிசெய்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒருநாள் நீலத்தைச் சிவப்பு என்று அடித்துச் சொன்னேன், அதுவும் இரண்டு தடவை.

வெள்ளைக்காரன் கொழும்பை விட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான், மயக்க மருந்து கொடுக்கும் புது டொக்டர். (அப்போது தலையில் முடியைவிடக் கனம் அதிகம்.)

அன்றைய நோயாளி கொட்டாஞ்சேனை ஹாஜரா. வயது முப்பது இருக்கும். நெஞ்சைத் திறந்து, அவருடைய இடது நுரையீரலைச் சுருங்க விட்டு, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அதுவரை வலது நுரையீரலுக்கு மட்டும் நான் பையை அமுக்கிக் காற்றுக் கொடுப்பேன். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் சொல்ல எங்களிடம் கருவி ஏதும் இல்லை. நகம் நீலமாகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

முதல்நாள் வார்டில் அவர் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டியிருந்தார்.

"தங்கச்சிட கலியாணம் டொக்டர். நல்லா செவந்தீக்கா?"

"அருமையாச் சிவந்திருக்கு" என்று நானும் பாராட்டினேன்.

மறுநாள் சத்திரசிகிச்சை மேசையில் அவருடைய முகம் துணிக்குள் இருந்தது. ஒரு கை மட்டும் என் பக்கம்.

"நிறம் எப்படி?" என்று சேர்ஜன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நல்ல சிவப்பு, சேர்!"

கால்மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"முந்தினதைவிடச் சிவப்பு, சேர்!"

சேர்ஜன் யாழ்ப்பாணத்தவர். கோபம் வந்தால்தான் அவருக்குத் தமிழ் வரும். வந்தது.

"அடேய், இரத்தம் கறுப்பாய் வருகுது! நீ எதைப் பாத்துச் சொல்லுறாய்?"

"நகத்தைப் பாத்து, சேர்..."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "டொக்டர், அது மருதோண்டி."

துணியைத் தூக்கினேன். உதடு நீலம். வலது நுரையீரலுக்கு விட்டிருந்த ரப்பர் குழாய் அளவுக்கு மீறி ஆழமாக இறங்கியிருந்தது. அதை மேலே இழுத்து, இரண்டு நுரையீரல்களுக்கும் ஒட்சிசனை அமுக்கினேன். சேர்ஜன் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். போதாதென்று ஹாஜராவின் அல்லாஹ்வையும் கூப்பிட்டேன். உதடு மெல்லச் சிவந்தது. அவ்வளவு அழகான சிவப்பை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

மூன்றாம் வாரம் ஹாஜரா வீட்டுக்குப் புறப்பட்டபோது, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். (தையல் வலித்திருக்கும்.)

"நீங்க பொய் சொல்லல்லியே டொக்டர். செவந்துதானே ஈந்திச்சி!"

அந்த நர்ஸை அடுத்த வருடம் கலியாணம் செய்துகொண்டேன். கதை வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். போன மாதம் மகளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "தங்கமான பொடியன்" என்றேன்.

"எதைப் பாத்துச் சொல்லுறியள்?" என்றாள் மனைவி. "நகத்தைப் பாத்தோ?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பொடியனைப் பற்றி இன்னொரு தடவை விசாரிக்கக் கிளம்பினேன்.